சென்னையில் அக்ரிலிக் பிக்கிள்பால் கோர்ட்: வாட்டத்திலிருந்து வெள்ளைக்கோடு வரை

பிக்கிள்பால் கோர்ட் போட விலை கேட்டால் ஒப்பந்தக்காரர் முதலில் கேட்பது, "5 லேயரா, 8 லேயரா சார்?" என்றுதான். அந்த அக்ரிலிக் பூச்சு லேயர் அத்தனையும் சேர்ந்தாலும் சில மில்லிமீட்டர் கனம். அதற்குக் கீழே இருக்கும் 5 அங்குலக் கான்கிரீட்டைப் பற்றியும் அதன் வாட்டத்தைப் பற்றியும் (தண்ணீர் வடிய விடும் சரிவு) பேச்சே வராது. சென்னையில் ஒரு கோர்ட் இரண்டே வருடத்தில் உரிகிறது என்றால், மேலே தேங்கிய தண்ணீரோ கீழிருந்து ஏறிய ஈரமோ காரணமா என்று முதலில் பாருங்கள். பெயின்ட் கம்பெனியைத் திட்டுவது அதற்குப் பிறகு.

இடம், அளவு, திசை

கோடுகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு கோர்ட் 20 அடி அகலம், 44 அடி நீளம். பேட்மின்டன் இரட்டையர் கோர்ட்டும் இதே அளவுதான். 1965-ல் அமெரிக்காவின் பெய்ன்பிரிட்ஜ் தீவில் ஒரு பழைய பேட்மின்டன் தளத்தில் இந்த ஆட்டம் தொடங்கியதால் வந்த ஒற்றுமை அது. அபார்ட்மென்ட்களில் இருக்கும் பேட்மின்டன் கோடுகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் சறுக்குவதும் இங்கேதான். பேட்மின்டனின் முன் சர்வீஸ் கோடு நெட்டிலிருந்து 6 அடி 6 அங்குலம். பிக்கிள்பாலின் கிச்சன் கோடு, அதாவது நெட்டை ஒட்டி, பந்தைத் தரையில் படுமுன் அடிக்கக் கூடாத பகுதியின் எல்லை, 7 அடி. அரை அடி குறைந்தால் ஆட்டமே மாறிவிடும்.

ஓடிப் பந்தெடுக்கும் இடத்தையும் சேர்த்து குறைந்தபட்சம் 30 × 60 அடி வேண்டும். இடம் இருந்தால் 34 × 64 அடியாகப் போடுங்கள். கீழே வரும் கணக்கெல்லாம் இந்தப் பெரிய அளவுக்கு, அதாவது 2,176 சதுர அடிக்கு. மீட்டரில் சுமார் 202 சதுர மீட்டர். ஒரு முழு டென்னிஸ் தளத்தில், 60 × 120 அடியில், 30 × 60 அளவில் நாலு கோர்ட் அடங்கும்.

நீளவாட்டம் வடக்கு தெற்காக இருக்கட்டும். சென்னையில் ஆள் வருவதே காலை ஆறரைக்கும் மாலை ஐந்துக்கும்தான். கிழக்கு மேற்காகப் போட்டால் ஒரு பக்கத்துக்காரர் எப்போதும் சூரியனைப் பார்த்தே சர்வ் வாங்குவார். இன்னொன்று, சத்தம். கடினமான மட்டையில் பிளாஸ்டிக் பந்து படும் 'டொக்' ஓசை டென்னிஸை விடக் கூர்மையாகக் கேட்கும். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே இடம் ஒதுக்கிவிட்டு, பிறகு அசோசியேஷன் கூட்டத்தில் பஞ்சாயத்து செய்வதைவிட, இப்போதே பத்தடி தள்ளிப் போடுவது மலிவு.

மண்

திருவான்மியூர், அடையாறு, சாந்தோம் பக்கம் மணல். நன்றாகத் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டினால் இறுகிவிடும். மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் பகுதிகளில் பரவலாகக் களிமண். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் இந்த மண்ணின் மேல் நேரடியாகத் தளம் போட்டால், முதல் கோடையிலேயே வெடிப்பு மேலே வந்து சேரும். களிமண் என்றால் குறைந்தது ஒன்றரை அடி தோண்டி எடுத்துவிட்டு, கிராவல் கொட்டி, 6 அங்குலத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்து, அதிர்வு ரோலரால் இறுக்குங்கள். ஒரே தடவையில் ஒன்றரை அடியையும் கொட்டி மேலே ரோலர் ஓட்டினால் மேல் பாதிதான் இறுகும்.

நல்ல மண்ணாக இருந்தாலும் 6 அங்குல கிராவல் அவசியம். சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாக விட்டு 215 சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால், இறுகிய நிலையில் 32 கன மீட்டர். லாரியில் வரும் தளர்ந்த நிலையில் சுமார் 40 கன மீட்டர், நம்மூர்க் கணக்கில் 14 யூனிட் (யூனிட் என்றால் 100 கன அடி). அதன் மேல் 3 முதல் 4 அங்குலம் ஜல்லியும் கிரஷர் டஸ்ட்டும் கலந்த அடுக்கு. கட்டட இடிபாட்டு ரப்பிஷ் மலிவாகக் கிடைக்கிறதே என்று நிரப்பாதீர்கள். அதில் மரத்துண்டும் பிளாஸ்டிக்கும் கிடக்கும், இடம் இடமாக அமுங்கும்.

பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் வேர் தளத்தைத் தூக்கும், இலைச்சாறு நிறத்தைக் கறையாக்கும், நிழலில் மழைக்காலம் முழுக்கப் பாசி பிடிக்கும். மரத்தை வெட்டச் சொல்லவில்லை, கோர்ட்டை நகர்த்துங்கள்.

இருக்கும் பேவர் பிளாக் தரையின் மேலேயே அக்ரிலிக் பூச முடியுமா என்ற கேள்வி அடிக்கடி வரும். முடியாது. ஒவ்வொரு கல்லும் தனியாக அசையும், ஒவ்வொரு இடுக்கும் கோடாக மேலே தெரியும்.

வாட்டம்

10 அடிக்கு 1 அங்குலம். ஒரே தளமாக, ஒரே பக்கமாக, முடிந்தால் ஒரு சைடு லைன் பக்கத்திலிருந்து மறு சைடு லைன் பக்கத்துக்கு. 34 அடி அகலத்துக்கு மொத்த இறக்கம் கிட்டத்தட்ட மூன்றரை அங்குலம். ஆடுபவருக்கு இது தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

மேஸ்திரிக்கு இதை முன்கூட்டியே அழுத்திச் சொல்ல வேண்டும். மொட்டைமாடி போட்டுப் பழகிய கை, நடுவில் உயர்த்தி நாலு பக்கமும் வாட்டம் விடும். கோர்ட்டில் அப்படிச் செய்தால் நெட்டுக்கு அடியில் முதுகு வரும், பந்து எழும்புவது இடத்துக்கு இடம் மாறும். நெட்டை நோக்கி வாட்டம் விடுவது அதைவிட மோசம். தண்ணீர் நடுவில் வந்து நின்றுவிடும்.

வாட்டத்தை கிராவல் அடுக்கிலேயே கொண்டுவந்துவிடுங்கள். மண் மட்டமாகவும் மேல்தளம் சரிவாகவும் இருந்தால் ஒரு பக்கம் 7 அங்குலக் கான்கிரீட், மறுபக்கம் 4 அங்குலம் என்றாகி, கனம் மாறும் இடத்தில் வெடிக்கும். ட்யூப் லெவலை நம்ப வேண்டாம். ஆட்டோ லெவல் கருவியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, 10 அடிக்கு ஒரு புள்ளி வைத்து நூல் கட்டுங்கள். தளத்தின் தாழ்ந்த விளிம்பும் சுற்றுத் தரையைவிட 2 அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும். அந்தப் பக்கம் வடிகால் ஒன்றும் வேண்டும்.

கான்கிரீட்

தார் கலவைத் தளத்திலும் அக்ரிலிக் நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஒரே ஒரு கோர்ட்டுக்காகப் பேவர் இயந்திரத்தை வரவழைப்பது கட்டாது, மே மாத வெயிலில் தார் இளகவும் செய்யும். சென்னையில் ஒற்றைக் கோர்ட்டுக்குக் கான்கிரீட்தான் எங்கள் தேர்வு.

முதலில் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட்டை, ஓரங்கள் ஓரடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து டேப் ஒட்டுங்கள். நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் ஊரில் இந்த ஷீட்டை விட்டுவிட்டால், ஈரம் கான்கிரீட் வழியே ஏறி அக்ரிலிக்கைக் கொப்புளமாகத் தூக்கும். மேலே பூசிய பிறகு இதற்கு வைத்தியம் இல்லை.

கம்பி 8 மி.மீ., இரு திசையிலும் 8 அங்குலத்துக்கு ஒன்று. ஓவர்லாப் சேர்த்து சுமார் 850 கிலோ வரும். கவர் பிளாக் வைத்துத் தூக்கிக் கட்டுங்கள். தரையில் படுத்துக் கிடக்கும் கம்பியால் பயனில்லை. கான்கிரீட் எம்25 தரம், 5 அங்குலக் கனம், சேதாரம் சேர்த்து 26.5 கன மீட்டர். 6 கன மீட்டர் ரெடிமிக்ஸ் வண்டி என்றால் நாலு முழு வண்டியும் ஐந்தாவதில் கொஞ்சமும். கடைசி வண்டிக்கு அளவெடுத்துச் சொல்லும்வரை பிளான்ட்டில் காத்திருக்கச் சொல்லுங்கள். கனரக வண்டிக்கு நேரக் கட்டுப்பாடு உள்ள சாலை என்றால் அதிகாலை நாலு மணிக்கே முதல் வண்டி நிற்க வேண்டும். வெயிலுக்கும் அதுதான் நல்லது. வண்டியில் கலவை கெட்டியாக இருக்கிறதென்று ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுவதைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். அந்தத் தண்ணீர் மேலே வந்து பால் போல உறையும், பிறகு மாவாக உதிரும், அதன் மேல் பூசிய எதுவும் அதோடு உரிந்து வரும்.

மேற்பரப்பை மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக்கட்டை போட்டு, கடைசியில் நடுத்தர முரட்டுத் துடைப்பத்தால் ஒரே திசையில் கீறி விடுங்கள். கண்ணாடி மாதிரி வழவழவென்று பவர் ட்ரோவல் ஓட்டித் தருவதாக மேஸ்திரி பெருமையாகச் சொல்வார். வேண்டாம். அக்ரிலிக்குக் கடித்துப் பிடிக்கச் சொரசொரப்பு தேவை. மருந்து தெளித்துக் கியூரிங் செய்வதும் கூடாது. அந்தப் படலத்தில் எதுவும் ஒட்டாது. பாத்தி கட்டியோ ஈரச் சாக்கு போட்டோ 14 நாள் தண்ணீர் காட்டுங்கள். அதன் பிறகு காய விட்டு, மொத்தம் 28 நாள் முடியும்வரை பூச்சு வேலையைத் தொடாதீர்கள்.

வெடிப்பு எப்படியும் வரும். அது எங்கே வர வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். கான்கிரீட் போட்ட அன்று மாலையோ மறுநாள் காலையோ, கட்டர் வைத்து ஒன்றேகால் அங்குல ஆழத்துக்கு வெட்டுங்கள்: நெட்டுக்கு நேர் கீழே ஒன்று, பேஸ்லைனுக்குச் சற்று வெளியே பக்கத்துக்கு ஒன்று, சைடு லைனுக்கு ஓரடி வெளியே நீளவாக்கில் பக்கத்துக்கு ஒன்று. கடைசியாகச் சொன்ன வெட்டு நெட் கம்பத்தின் வழியாகவே போகும். கம்பத்துக் குழியின் மூலையிலிருந்து கிளம்பும் வெடிப்பை அது பிடித்துக்கொள்ளும்.

நெட் கம்பங்கள் உள்பக்கத்திலிருந்து உள்பக்கத்துக்கு 22 அடி இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் இரண்டடி சதுரம், இரண்டரை அடி ஆழத்துக்குத் தனி அஸ்திவாரம், அதில் கம்பத்தைக் கழற்றி மாட்ட ஒரு ஸ்லீவ் குழாய். கம்பம் ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகத்தில் முக்குவது) செய்ததாக இருக்கட்டும். வெறும் பவுடர் கோட்டிங்கை ஈசிஆர் பக்கத்து உப்புக்காற்று தின்றுவிடும். நெட்டின் உயரம் ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34. நடுப்பட்டையை இழுத்துக் கட்ட ஒரு கொக்கியையும் இப்போதே பதித்துவிடுங்கள். வேலிக் கம்பங்களைத் தளத்துக்கு வெளியே ஊன்றுங்கள்.

பூசுவதற்கு முன் இரண்டு சோதனை

ஒன்று, ஈரம். ஒன்றரை அடி சதுரப் பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி, மாலையில் ஆரம்பித்து மறுநாள் காலைவரை, 16 மணி நேரம் விடுங்கள். நாலைந்து இடத்தில் செய்யுங்கள். எடுக்கும்போது உள்ளே துளி நின்றாலோ கான்கிரீட் கருத்திருந்தாலோ இன்னும் காயவில்லை.

இரண்டு, தண்ணீர். தளம் முழுக்க ஹோஸால் நனைத்து ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். சென்னையில் இதில் ஒரு தில்லுமுல்லு நடக்கும்: மதியம் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் விட்டால் வெயிலே குடித்துவிடும், தேக்கமே இல்லாத தளம் மாதிரி தெரியும். காலை ஆறு மணிக்குச் செய்யச் சொல்லுங்கள். மீதி நிற்கும் தண்ணீரைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஒன்றரை மி.மீ.க்கு மேல் ஆழம் இருப்பதையெல்லாம் நிரப்ப வேண்டும்.

நிரப்புவதற்கு முன் அமிலக் கழுவல். தண்ணீர் கலந்த பாஸ்பாரிக் அல்லது மியூரியாட்டிக் அமிலத்தைத் தெளித்து, நுரை அடங்கியதும் முரட்டு பிரஷ்ஷால் தேய்த்து, பிரஷர் பம்பால் இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். கையுறை, கண்ணாடி, பூட்ஸ் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. காய்ந்ததும் ஒரு கைத் தண்ணீரைத் தெளியுங்கள். உறிஞ்சிக்கொண்டால் சரி, முத்து முத்தாக நின்றால் இன்னொரு கழுவல்.

பள்ளங்களுக்கு அக்ரிலிக் பேட்ச் பைண்டர், சிலிக்கா மணல், கொஞ்சம் சிமென்ட். ஒரே தடவையில் கால் அங்குலத்துக்கு மேல் போட்டால் காயும்போது வெடிக்கும். ஓரத்தைத் தண்ணீர் தொட்ட கரணையால் ஒன்றுமில்லாமல் தேய்த்து இறக்கி, காய்ந்ததும் கிரைண்டர் போட்டு, திரும்பத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

பூச்சு

நல்ல மாதம் பிப்ரவரி முதல் ஏப்ரல் பாதிவரை. ஜனவரியில் மண் வேலை, பிப்ரவரி தொடக்கத்தில் கான்கிரீட், மார்ச்சில் பூச்சு என்று அமைத்தால் கத்திரி வெயிலுக்கு முன் முடியும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை ஆரம்பிக்கவே வேண்டாம்.

வரிசை இப்படி: கான்கிரீட் பிரைமர், கறுப்பு ரிசர்ஃபேசர் (பொடித் துளைகளை அடைத்துத் தளத்தைச் சமமாக்கும் அடிப்பூச்சு) 2 கோட், நிறக் கோட் 2 அல்லது 3, கோடு. ரிசர்ஃபேசர் ஒரு பூச்சுக்கு 50 முதல் 60 லிட்டர், அதாவது இரண்டுக்கும் 100 முதல் 120 லிட்டர் மூலப்பொருள், அதில் சேர்க்க 150 முதல் 220 கிலோ சிலிக்கா மணல். நிறம் ஒரு பூச்சுக்கு 40 லிட்டர்: கோடுகளுக்குள் 16, வெளியே 24. கிச்சனுக்குத் தனி நிறம் என்றால் அந்த 16-ல் 5 லிட்டர் அதற்குப் போகும். டப்பாவில் அச்சிட்ட அளவு இதிலிருந்து கொஞ்சம் மாறினால் டப்பாவைக் கேளுங்கள். விலைப்பட்டியலில் லேயர் எண்ணிக்கைக்குப் பதில் லிட்டரும் கிலோவும் எழுதித் தரச் சொல்லுங்கள். 5 லேயர் என்று சொல்லிவிட்டு, பாதி லிட்டரில் இரட்டிப்புத் தண்ணீர் ஊற்றியும் 5 லேயர் பூசலாம்.

மணல் 60–80 மெஷ் (சல்லடை அளவு) காய்ந்த சிலிக்கா. எம்-சாண்டில் தூசி, கடற்கரை மணலில் உப்பு, இரண்டும் ஆகாது. கலக்கும் தண்ணீரும் அப்படித்தான். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருவில் மெட்ரோ தண்ணீர் லாரி சொல்லிவிடுங்கள்.

ஒரே நிறத்தின் எல்லா டப்பாவையும் பெரிய டிரம்மில் ஒன்றாகக் கொட்டிக் கலந்த பிறகே எடுக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் காய்ந்தபின் பட்டை பட்டையாக நிற வித்தியாசம் தெரியும். துடுப்பு மாட்டிய டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள். வேகமாகச் சுற்றினால் நுரை, நுரை வெடித்த இடமெல்லாம் ஊசிக்கண். மணல் அடியில் படியும் என்பதால் ஒவ்வொரு வாளிக்கும் முன் அடிவரை கிளறுங்கள். இதைச் சோம்பினால் முதல் பட்டை வழுக்கும், கடைசிப் பட்டை உப்புத்தாள் மாதிரி பந்தைத் தேய்க்கும்.

ரோலர் இங்கே உதவாது. இரண்டரை முதல் மூன்றடி அகல மென்ரப்பர் ஸ்க்வீஜீ (கைப்பிடி வைத்த ரப்பர் தள்ளுகட்டை) வேண்டும். ஓரத்தில் நீளமாக ஒரு பட்டை ஊற்றி, ஸ்க்வீஜீயைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து நடந்தால், கலவை அலையாக ஒரு பக்கம் ஒதுங்கி வரும். அடுத்த நடை அந்த அலையைத் தின்றுகொண்டே போக வேண்டும். ஒருவர் ஊற்ற, இருவர் இழுக்க, ஒருவர் கலக்க. நடுவில் டீ குடிக்க நிற்கக் கூடாது. ஓரம் காய்ந்துவிட்டால் அந்தக் கோடு மூன்று பூச்சுக்குப் பிறகும் தெரியும். காலை ஆறிலிருந்து ஒன்பதரைவரைதான் வேலை நேரம். தளம் சூடாக இருந்தால் லேசாக நீர்ப்புகை தெளித்துக்கொண்டே முன்னேறுங்கள், குட்டையாக நிற்கக் கூடாது. ஒவ்வொரு பூச்சும் முந்தையதற்குக் குறுக்குத் திசையில். இடையில் மேடு தட்டிய ஓரங்களைச் சுரண்டி எடுத்து, ப்ளோயரால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். வெள்ளைச் சாக்ஸ் போட்டு நடந்து பாருங்கள். தூசி இருந்தால் காட்டிக்கொடுக்கும்.

கோடு

கோட்டின் அகலம் 2 அங்குலம், அளவு வெளி விளிம்புவரை. கிச்சன் கோட்டின் நெட்டிலிருந்து தள்ளிய விளிம்புதான் 7 அடி. நடுக்கோடு கிச்சனிலிருந்து பேஸ்லைன்வரை மட்டும், 15 அடி, கிச்சனுக்குள் போகாது. மூலைமட்டம் சரியா என்று பார்க்க, 20 × 44-ன் குறுக்கு அளவு இரு பக்கமும் 48 அடி 4 அங்குலம் வர வேண்டும். பாதிக் கோர்ட்டுக்கு 29 அடி 8¾ அங்குலம். இதைப் பார்க்காமல் டேப் ஒட்டினால் ஆடுபவரில் யாராவது ஒருவர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

மொத்தம் 198 அடி கோடு, இரு பக்க டேப்புக்கு 120 மீட்டரும் கொஞ்சம் கூடுதலும் வாங்குங்கள். டேப் ஒட்டியதும் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி ஓட்டுங்கள். அடுத்தது எல்லாரும் தாண்டிப் போகும் படி: நிறமில்லாத லைன் பிரைமரை டேப் விளிம்பின் மேல் மெல்லப் பூசிக் காய விடுவது. சொரசொரப்பான தளத்தில் டேப்புக்கு அடியில் பொடி இடுக்குகள் இருக்கும். அவற்றை இது அடைத்துவிடும். இல்லையென்றால் வெள்ளை கசிந்து, விளிம்பு எலி கடித்த மாதிரி வரும். பிறகு மணல் கலந்த வெள்ளை லைன் பெயின்ட் 2 கோட். 4 லிட்டர் தாராளம். இரண்டாவது கோட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும் டேப்பை மடக்கி இழுத்து எடுங்கள். மறுநாள்வரை விட்டால் பெயின்ட்டும் சேர்ந்து வரும்.

கோளாறு கண்டால்

சிறு கொப்புளங்கள் என்றால் கீழ் ஈரம். தகடாக உரிந்து, பின்பக்கம் சிமென்ட் தூள் ஒட்டியிருந்தால் அமிலக் கழுவல் போதவில்லை. பின்பக்கம் சுத்தமாக இருந்தால் கியூரிங் மருந்தோ எண்ணெயோ இருந்திருக்கிறது. நிறம் வெளுத்து கையில் மாவாக வந்தால் தண்ணீர் அதிகம் கலந்த பூச்சு. நேர்கோட்டு வெடிப்பு வெட்டிய இடத்தில் வந்தால் நெகிழும் சீலன்ட் போதும். குறுக்கே கோணலாக ஓடினால் அடிமண் இறங்குகிறது, மேல் பூச்சால் சரியாகாது.

கடைசிப் பூச்சுக்குப் பிறகு மூன்று நாளாவது ஆடாமல் விடுங்கள். கறுப்பு அடிப்பாக ஷூ, சைக்கிள், கல்யாணப் பந்தல் நாற்காலி எதையும் மேலே ஏற்றாதீர்கள். ஒப்பந்தக்காரருக்குத் தரவேண்டிய பணத்தில் பத்து சதவீதத்தை வடகிழக்குப் பருவமழை வரும்வரை நிறுத்தி வைப்பதாக ஆரம்பத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தீபாவளியை ஒட்டிய முதல் பெரிய மழை நின்று ஒரு மணி நேரம் கழித்துக் குடையோடு போய், எங்கே தண்ணீர் நிற்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள்.